ஆங்கிலத்தின் அடங்காத வினைகள்: பட்டியலை மூடிவிட்டுப் படிப்பது எப்படி?

இலக்கணப் புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் அந்தப் பட்டியல் இருக்கும். ‘அரைஸ், அரோஸ், அரிசன்’ என்று ஆரம்பித்து ‘ரைட், ரோட், ரிட்டன்’ வரை மூன்று பத்திகளாக ஓடும். சுமார் 200 வினைகள். அதை மேலிருந்து கீழாக உருப்போட முயன்றவர்களில் பலர் ‘பிரேக், பிரிங்’ பக்கத்தோடு நின்றிருப்பார்கள். பட்டியலில் தப்பில்லை, தொடங்கும் இடம் அதுவல்ல. இப்போதைக்கு அதை மூடி வையுங்கள்.

படி 1: எந்த வடிவம் எங்கே வரும்?

ஒழுங்கான வினை என்றால் இறந்தகாலத்துக்கு ‘ஈடி’ (ed) சேர்த்தால் வேலை முடிந்தது: ‘வாக், வாக்டு, வாக்டு’. அடங்காத வினைக்கு மூன்று வடிவங்களும் மாறலாம்: ‘கோ, வென்ட், கான்’. வகுப்பில் சொல்வதுபோல இவற்றை வரிசைப்படி வி1, வி2, வி3 என்றே வைத்துக்கொள்வோம்.

வி2 தனியாக நிற்கும். ‘ஐ வென்ட்’ என்றால் நான் போனேன். வி3-க்குத் துணை வேண்டும். முன்னால் ‘ஹேவ், ஹேஸ், ஹேட்’ வரும், அல்லது ‘இஸ், வாஸ்’ வரும். எது என்று குழம்பினால் தமிழில் சொல்லிப் பாருங்கள். வினையோடு ‘இருக்கிறேன்’ ஒட்டினால் பெரும்பாலும் ‘ஹேவ்’: பார்த்திருக்கிறேன், ‘ஐ ஹேவ் சீன்’. ‘பட்டது’ ஒட்டினால் ‘வாஸ்’: திருடப்பட்டது, ‘வாஸ் ஸ்டோலன்’.

இந்த வழி ஓர் இடத்தில் காலை வாரும். ‘அவரை நேற்று பார்த்திருக்கிறேன்’ என்பது தமிழில் உறுத்தாது. ஆங்கிலத்தில் ‘எஸ்டர்டே’ போல முடிந்துபோன நேரத்தைச் சொல்லிவிட்டால் ‘ஹேவ்’ கூடாது. ‘ஐ சா ஹிம் எஸ்டர்டே’, அவ்வளவுதான்.

படி 2: ‘டிட்’ வந்தால் வி1

என்னைக் கேட்டால், 50 வினைகளைப் புதிதாகப் படிப்பதைவிட இந்த ஒன்றைச் சரிசெய்வது பேச்சை அதிகம் மாற்றும். ‘டிட் யூ வென்ட்?’, ‘ஐ டிட் நாட் வென்ட்’ என்று நம்மவர்கள் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. தமிழில் ‘போனாய்’ என்பதன் வாலில் ‘ஆ’ ஒட்டினால் ‘போனாயா’ என்று கேள்வியாகிவிடும். இறந்தகாலம் வினைக்குள்ளேயே பத்திரமாக இருக்கும். அந்தப் பழக்கத்தில் ஆங்கிலத்திலும் ‘வென்ட்’டை விடாமல் பிடித்துக்கொள்கிறோம்.

‘டிட்’ யார்? ‘டூ’வின் வி2தான். இறந்தகாலத்தை அது வாங்கிக்கொண்டபின் அடுத்த வினைக்கு அந்த வேலை இல்லை. ‘டிட் யூ கோ?’, ‘ஐ டிட் நாட் கோ’, ‘வாட் டிட் யூ பை?’ ஒரே வினையை இப்படி மாற்றி மாற்றிச் சொல்லுங்கள்: ஐ பாட், டிட் யூ பை, ஐ டிட் நாட் பை. வாய் தானாகத் திரும்பும்வரை.

படி 3: முதல் பத்து

அகர வரிசையை விட்டுவிட்டு அதிகம் புழங்கும் வினைகளிலிருந்து தொடங்குங்கள்: பீ, ஹேவ், டூ, சே, கெட், மேக், கோ, நோ, டேக், சீ. பத்துமே அடங்காதவை! இது தற்செயல் இல்லை. தினமும் வாயில் புழங்கும் சொல்லின் பழைய வடிவம் மறக்காது. அரிதாகப் புழங்குவது மெல்ல ‘ஈடி’ பக்கம் சாய்ந்துவிடும். ‘ஹெல்ப்’புக்குக்கூட ஒரு காலத்தில் ‘ஹோல்பன்’ என்ற வி3 இருந்தது. 1611-இல் வந்த கிங் ஜேம்ஸ் பைபிளில் அதைப் பார்க்கலாம். நல்லவேளை, இப்போது ‘ஹெல்ப்டு’.

படி 4: ஓசையைப் பார்த்துக் கூட்டம் சேர்ப்பது

மீதி வினைகளை ஒரு நோட்டில் ஓசைப்படி எழுதுங்கள். ஆங்கில எழுத்தில் எழுதி, பக்கத்தில் உச்சரிப்பைத் தமிழில் குறித்தாலும் சரி.

மாறாத கூட்டம்: கட், புட், ஹிட், ஷட், காஸ்ட், ஹர்ட். மூன்று வடிவமும் ஒன்றே. அப்படியானால் காலம் எப்படித் தெரியும்? ‘ஹீ புட்ஸ் இட் ஹியர்’ என்றால் வழக்கமாக வைக்கிறான். ‘ஹீ புட் இட் ஹியர்’ என்றால் வைத்தான். ‘ஹீ, ஷீ’ வரும்போது அந்தக் கடைசி ‘ஸ்’ இல்லாததுதான் இறந்தகாலம். ‘ரீட்’ இந்தக் கூட்டத்தில் ஒரு கள்ளன். எழுத்தில் மூன்றும் ஒன்று, வி2, வி3-ஐ வாசிக்கும்போது ‘ரெட்’. ஆங்கில எழுத்து மறைப்பதைத் தமிழ் எழுத்து காட்டிக்கொடுத்துவிடும்.

வி2-உம் வி3-உம் ஒன்றாக இருக்கும் கூட்டம் பெரியது. கீப்–கெப்ட், ஸ்லீப்–ஸ்லெப்ட் ஒரு ஜாடை. சென்ட் (send)–சென்ட் (sent), ஸ்பென்ட் (spend)–ஸ்பென்ட் (spent) இன்னொன்று. தமிழில் எழுதினால் வித்தியாசமே தெரியாது, ஆங்கிலத்தில் கடைசி ‘டி’ (d) எழுத்து மட்டும் வல்லின ‘ட்’ (t) ஆகிறது. பை–பாட், பிரிங்–பிராட், திங்க்–தாட், கேட்ச்–காட் மூன்றாவது. இதில் ‘பாட்’ வாங்கியது, ‘பிராட்’ கொண்டுவந்தது. நடுவில் இருக்கும் ‘ர்’ தான் எல்லாம். ‘பிரிங்’கில் ‘ர்’ இருக்கிறது, அதனால் ‘பிராட்’டிலும் இருக்கும்.

மூன்றும் மாறும் கூட்டத்தில் ‘சிங், சாங், சங்’ பாட்டுபோல வரும்: டிரிங்க், டிராங்க், டிரங்க், பிகின், பிகான், பிகன். அப்புறம் ‘ன்’ வால் கூட்டம்: ஸ்பீக், ஸ்போக், ஸ்போக்கன், பிரேக், புரோக், புரோக்கன். கம், கேம், கம் மாதிரி திரும்பி வருபவை சில.

படி 5: வாக்கியமாகச் சொல்வது

வெறும் ‘டேக், டுக், டேக்கன்’ என்று ஒப்பிப்பது தேர்வுக்கு உதவும், பேச்சுக்கு உதவாது. ராத்திரி படுக்குமுன் அன்று நடந்ததை ஐந்து வாக்கியத்தில் சத்தமாகச் சொல்லுங்கள். ‘ஐ வோக் அப் லேட். ஐ மிஸ்டு த பஸ். ஐ ஏட் பொங்கல்.’ நாள் முழுக்க நடந்து முடிந்தது என்பதால் வி2 தானாக வந்து விழும். மறுநாள் அதே வாக்கியங்களை ‘டிட் நாட்’ போட்டு மாற்றுங்கள்.

‘ஃபெல்’ விழுந்தது, ‘ஃபெல்ட்’ உணர்ந்தது. ‘லை, லே, லெயின்’ படுப்பது, ‘லே, லெய்ட், லெய்ட்’ வைப்பது. இப்படிப்பட்ட சிக்கல்களை முதல் மாதமே இழுத்துப் போட்டுக்கொள்ள வேண்டாம். எதிர்ப்படும்போது அகராதியில் வி1-ஐத் தேடினால் மூன்று வடிவமும் அங்கேயே இருக்கும். இணைய அகராதியில் ஒலிபெருக்கிப் படத்தைத் தட்டி, கேட்டபடியே இரண்டு முறை சொல்லிவிட்டு நோட்டில் அதன் கூட்டத்தில் சேர்த்துவிடுங்கள்.