ரோட்டர்டாம் தெற்கில் வாடகை வீடு: சம்பளத்தை வைத்து வாடகையை அளக்காதீர்கள்

மாஸ் ஆற்றுக்குத் தெற்கே கார்னிஸ், தார்வேவெய்க், ப்ளூம்ஹோஃப், ஷார்லோஸ் பக்கம் வீடு தேடுகிற புதியவர்கள் கூடிக்கொண்டே போகிறார்கள். காரணம் புரிகிறது. வடகரையைவிட வாடகை குறைவு, ஜாவுட்ப்ளெய்னில் மெட்ரோ ஏறினால் பத்து நிமிடத்தில் நகர மையம், புதனும் சனியும் ஆஃப்ரிகாண்டர் சந்தையில் வெண்டைக்காயும் கொத்தமல்லியும் கிடைக்கும். கஷ்டம் என்னவென்றால், பத்து வருடத்துக்கு முன்னால் வந்தவர்கள் செய்த அதே தவறுகளை இவர்களும் வரிசை மாறாமல் செய்கிறார்கள்.

பார்க்காத வீட்டுக்கு முன்பணம் அனுப்பாதீர்கள், சாவியைத் தபாலில் அனுப்புகிறேன் என்பவரை நம்பாதீர்கள் என்பதெல்லாம் எல்லாரும் சொல்லிவிட்டார்கள். இங்கே அதற்கு அடுத்த கட்டத் தவறுகள்.

புள்ளிக் கணக்கைப் பார்க்காமல் கையெழுத்துப் போடுவது

வழக்கமான காட்சி இது. விளம்பரத்தில் 55 சதுர மீட்டர், இரண்டு படுக்கையறை, 1,350 யூரோ. பார்க்க வந்த தம்பதி மனக்கணக்குப் போடுகிறார்கள்: ஆம்ஸ்டர்டாமில் இதே வீடு இரண்டாயிரம் சொல்வான், நம் சம்பளத்துக்கு இது தாங்கும், விட்டால் வேறொருவர் எடுத்துவிடுவார். அன்று மாலையே கையெழுத்து.

இதில் தவறு அவசரப்பட்டது கூட இல்லை, அளவுகோல்தான் தவறு. நெதர்லாந்தில் பெரும்பாலான வீடுகளுக்கு வாடகையின் உச்சவரம்பைத் தீர்மானிப்பது சந்தையும் இல்லை, உங்கள் சம்பளமும் இல்லை. வீட்டின் அளவையும் வசதிகளையும் வைத்து அதற்குக் கிடைக்கும் புள்ளிகள்தான். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் கட்டுப்படியாகும் வாடகைச் சட்டப்படி, 143 புள்ளி வரை கீழ்நிலை, 144 முதல் 186 வரை நடுநிலை, 187-லிருந்துதான் வீட்டுக்காரர் தன் இஷ்டத்துக்கு வாடகை சொல்லலாம். 2025-ல் 143 புள்ளி வீட்டின் அதிகபட்ச வெறும் வாடகை, அதாவது கரண்ட், தண்ணீர், சர்வீஸ் செலவு சேராத வாடகை, 900.07 யூரோ; 186 புள்ளிக்கு 1,184.82. இந்தத் தொகைகள் ஆண்டுதோறும் மாறும், அந்தந்த ஆண்டின் அட்டவணையைப் பாருங்கள்.

மேலே சொன்ன மாதிரி வீட்டையே எண்ணிப் பார்ப்போம். அறைகளுக்குச் சதுர மீட்டருக்கு ஒரு புள்ளி. நடைபாதைக்கும் மாடிப்படிக்கும் புள்ளி கிடையாது. விளம்பரத்தின் 55 இங்கேயே சுருங்கும். வரவேற்பறை 20, படுக்கையறைகள் 11, 7, சமையலறை 6, குளியலறை 3: மொத்தம் 47. ரேடியேட்டர் உள்ள அறைக்குத் தலா 2 வீதம் நான்கு அறைக்கு 8. சமையல் மேடை 1.8 மீட்டர் என்றால் 4. இரண்டு மீட்டரைத் தொட்டிருந்தால் 7 கிடைத்திருக்கும். தனிக் கழிப்பறை 3, கைகழுவும் தொட்டி 1, ஷவர் 4. நான்கு சதுர மீட்டர் பால்கனிக்கு மூன்றரைக்குக் கொஞ்சம் குறைவாக. பால்கனி போல வெளியிடம் எதுவுமே இல்லாத வீடு என்றால் 2025 கணக்கில் கூட்டுவதற்குப் பதில் 5 கழியும். இதுவரை எழுபது. இனி வோஸ் மதிப்பு, அதாவது நகராட்சி வரிக்காக வீட்டுக்குப் போடும் மதிப்பு. இந்த வட்டாரத்தில் இந்த அளவு வீட்டுக்கு அதிலிருந்து முப்பதை ஒட்டிச் சேரும். ஆக நூறு. எரிசக்தி லேபிள் இ, எஃப், ஜி என்றால் அதிலும் கழியும். 1930-களில் கட்டிய செங்கல் வீடுகளில் ஒற்றைக் கண்ணாடி ஜன்னலைப் பார்த்தாலே லேபிளை ஊகித்துவிடலாம்.

நூறு புள்ளி வீடு, 143 வரம்பிலிருந்து நாற்பது புள்ளிக்கு மேல் கீழே நிற்கிறது. 143-க்கே 900 யூரோதான் என்றால், 1,350 கொடுப்பவர் மாதம் குறைந்தது 450, வருடத்துக்கு 5,400 யூரோ சும்மா கொடுக்கிறார். நிஜ வித்தியாசம் இதைவிட அதிகம்.

எரிச்சலூட்டுவது என்னவென்றால், இதைச் சரிபார்க்க ஒரு மணி நேரம் போதும்:

1. வோஸ்வார்டலோகெட் தளத்தில் முகவரியைப் போட்டால் வோஸ் மதிப்பு வரும், இலவசம்.
2. இபி-ஆன்லைன் தளத்தில் எரிசக்தி லேபிள். லேபிளுக்கு ஆயுள் 10 வருடம். காலாவதி ஆகியிருந்தால் கட்டிய ஆண்டை வைத்துக் கணக்கு, பழைய வீட்டுக்குப் புள்ளி இன்னும் குறையும்.
3. வீடு பார்க்கப் போகும்போது லேசர் அளவுகோல் ஒன்று. ஒவ்வோர் அறையையும், சமையல் மேடையின் நீளத்தையும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். சாய்கூரை அறையில் தலைக்கு மேல் ஒன்றரை மீட்டர் இல்லாத பகுதி சேராது.
4. இவற்றை ஹூர்கொமிஸியின் வாடகைச் சோதனைப் பக்கத்தில் நிரப்புங்கள். ஹூர்கொமிஸி என்பது வாடகைத் தகராறுகளைத் தீர்க்கும் அரசு அமைப்பு.

2025 ஜனவரி 1 முதல் புதிய ஒப்பந்தத்தோடு புள்ளிக் கணக்கையும் இணைத்துத் தருவது வீட்டுக்காரரின் கடமை. தராவிட்டால் கேளுங்கள். தந்தால் அப்படியே நம்பாதீர்கள்: நடைபாதையை அறையில் சேர்ப்பது, சாமான் அறையைப் படுக்கையறை என்பது, பழைய நல்ல லேபிளையே காட்டுவது எல்லாம் நடக்கும்.

கையெழுத்துப் போட்டாகிவிட்டதா? பரவாயில்லை. சட்ட வரம்பை மீறிய வாடகை, நீங்கள் சம்மதித்துக் கையெழுத்திட்டதால் நியாயமாகிவிடாது. ஒப்பந்தம் தொடங்கி ஆறு மாதத்துக்குள் ஹூர்கொமிஸியிடம் தொடக்க வாடகையைச் சோதிக்கக் கேளுங்கள். கட்டணம் 25 யூரோ, தீர்ப்பு உங்கள் பக்கம் வந்தால் திரும்பக் கிடைக்கும். அவர்கள் ஆள் வந்து அளப்பார். குறைப்பு ஒப்பந்தம் தொடங்கிய நாளிலிருந்தே கணக்காகும். ஆறு மாதம் தாண்டினால் எல்லாருக்கும் கதவு அடைபடும் என்றில்லை, ஒப்பந்தத் தேதியையும் புள்ளியையும் பொறுத்து வழி மாறும். ஆறு மாதத்துக்குள் போகிறவருக்கு அந்தத் தலைவலியே இல்லை.

இங்கே இரண்டு சறுக்கல்கள். ஒன்று, விண்ணப்பித்த கையோடு தாங்களாகவே வாடகையைக் குறைத்துக் கட்டுவது. வேண்டாம். தீர்ப்பு வரும்வரை முழு வாடகையையும் கட்டுங்கள். பாக்கி விழுந்தால் வீட்டுக்காரருக்கு நீதிமன்றம் போக நல்ல காரணம் கிடைத்துவிடும். மற்றது பயம்: "கேஸ் போட்டால் வெளியே அனுப்பிவிடுவார்." முடியாது. 2024 ஜூலைக்குப் பிறகு வரும் ஒப்பந்தங்கள் சில விதிவிலக்குகள் தவிர காலவரையற்றவை. நீங்கள் சம்மதிக்காவிட்டால் வெளியேற்ற நீதிமன்றம் வேண்டும், வாடகையைச் சோதிக்கக் கேட்டது அதற்குக் காரணமே ஆகாது. மிரட்டினால் ஒவ்வொரு நகராட்சியிலும் வீட்டுக்காரர் மீது புகார் கொடுக்கும் பிரிவு இருக்கிறது. சட்ட சந்தேகத்துக்கு யுரிடிஷ் லோகெட்டில் இலவச ஆலோசனை.

எல்லாம் சேர்த்து ஒரே தொகை

"கரண்ட், தண்ணீர், இன்டர்நெட் எல்லாம் உள்ளே, 1,400" என்றால் வசதியாகத்தான் தெரியும். வெறும் வாடகையைத் தனியாகப் பிரித்துக் காட்டாத ஒப்பந்தத்தைப் புள்ளியோடு ஒப்பிட முடியாது, பலர் அதற்காகவே பிரிப்பதில்லை. ஆனால் ஹூர்கொமிஸி பிரிக்கும்: மொத்தத் தொகையில் 55 சதவீதம் வெறும் வாடகை, 25 சதவீதம் சர்வீஸ் செலவுக்கு முன்பணம் என்று வைக்க அதற்கு அதிகாரம் உண்டு. தனியாகப் பிரித்திருந்தால், சர்வீஸ் செலவின் வருடக் கணக்கு அடுத்த ஆண்டு ஜூன் முடிவதற்குள் உங்கள் கைக்கு வர வேண்டும். வராவிட்டால் கேட்டு வாங்குங்கள். கேட்காதவருக்கு யாரும் திருப்பித் தருவதில்லை.

பதிவு செய்ய முடியாத முகவரி

எடுக்காதீர்கள். நான்கு மாதத்துக்கு மேல் தங்க வருகிறவர் ஐந்து நாளுக்குள் நகராட்சியில் முகவரி பதிய வேண்டும். பதிவு இல்லையென்றால் பி.எஸ்.என். என்னும் குடிமக்கள் சேவை எண் சிக்கல், அதைத் தொட்டு வங்கிக் கணக்கு, மருத்துவக் காப்பீடு எல்லாம் சிக்கல். வாடகை மானியமும் அந்த முகவரியில் பதிந்தவருக்குத்தான். "பதியாவிட்டால் 100 யூரோ குறைத்துக்கொள்கிறேன்" என்பவர் எதையோ மறைக்கிறார். பெரும்பாலும் அந்த வீட்டில் அனுமதிக்கு மேல் ஆட்கள் பதிந்திருப்பார்கள்.

மூன்று நண்பர்கள் சேர்ந்து ஒரு வீடு

ஒரே குடும்பம் இல்லாத மூன்று பேர் ஒரு வீட்டைப் பகிர நகராட்சி அனுமதி தேவைப்படலாம். அதை வாங்க வேண்டியவர் வீட்டுக்காரர். வாங்கியிருக்கிறாரா என்று கையெழுத்துக்கு முன் கேளுங்கள்.

வீட்டில் குடியேறும் அனுமதியை மறப்பது

2006-ல் வந்த சட்டம் ஒன்றை ஊரில் ரோட்டர்டாம் சட்டம் என்றே சொல்வார்கள். அதன்படி குறித்த சில பகுதிகளில், வட்டாரத்தில் ஆறு வருடத்துக்குக் குறைவாக வசித்தவர் குடியேற, வேலையிலிருந்து வருமானம் இருப்பதைக் காட்டி அனுமதி வாங்க வேண்டும். தார்வேவெய்க், கார்னிஸ், ஹில்லஸ்லௌஸ், பழைய ஷார்லோஸ் எல்லாம் இந்தப் பட்டியலில் இருந்தவை. பட்டியல் மாறும். உங்கள் தெருவுக்கு இன்று தேவையா என்று நகராட்சியிடம் கேட்டுவிட்டு, அப்புறம் பழைய வீட்டுக்கு நோட்டீஸ் கொடுங்கள். வரிசை மாறினால் நடுத்தெருதான்.

மலிவுக்குக் காரணம் கேட்காதது

பக்கத்து வீட்டைவிட முந்நூறு யூரோ குறைவென்றால் ஒப்பந்தத்தின் முதல் பக்கத்தில் "லேக்ஸ்டன்ட்வெட்" என்ற சொல் இருக்கிறதா பாருங்கள். இடிக்கவோ விற்கவோ காத்திருக்கும் வீட்டைத் தற்காலிகமாக வாடகைக்கு விடும் ஏற்பாடு அது. குறைந்தது ஆறு மாத ஒப்பந்தம். அதற்குப் பிறகு மூன்று மாத நோட்டீஸில் உங்களைக் கிளப்பலாம், வழக்கமான வாடகைப் பாதுகாப்பு கிடையாது. தெற்கில் பழைய வீடுகளை இடித்துக் கட்டும் வேலை பல வருடமாக நடப்பதால் இவை அடிக்கடி கண்ணில் படும். தெரிந்தே எடுத்தால் நல்ல பேரம். பிள்ளையைப் பக்கத்துப் பள்ளியில் சேர்த்த பிறகு தெரிந்துகொள்வதுதான் கொடுமை.

ஏஜென்ட் கமிஷன்

வீட்டுக்காரருக்காக வேலை செய்யும் ஏஜென்ட் உங்களிடம் கமிஷன் வாங்கக் கூடாது. "கான்ட்ராக்ட் செலவு" என்று பெயர் மாற்றினாலும் கூடாது.

டெபாசிட்

2023 ஜூலைக்குப் பிந்தைய ஒப்பந்தத்தில் உச்சம் இரண்டு மாத வெறும் வாடகை. காலி செய்த 14 நாளில் திரும்ப வர வேண்டும். பிடித்தம் இருந்தால் 30 நாளில், செலவுக் கணக்கோடு.

வெறும் வீடு என்றால் நிஜமாகவே வெறும் வீடு

விளம்பரத்தில் டச்சு மொழியில் "கால்" என்று போட்டிருந்தால் தரைவிரிப்பு இல்லை, திரைச்சீலை இல்லை, விளக்குக்குப் பதில் கம்பி தொங்கும், அடுப்பும் இல்லாமல் இருக்கலாம். "கெஸ்டொஃபேர்ட்" என்றால் தரையும் திரையும் உண்டு. கட்டில், சோபாவோடு வருவது "கெமெபிலேர்ட்". வெறும் வீட்டில் லேமினேட் போடும் முன் குடியிருப்போர் சங்க விதியைப் படியுங்கள். சத்தத்தைக் குறைந்தது 10 டெசிபல் குறைக்கும் அடிவிரிப்பு பல இடங்களில் கட்டாயம். அது இல்லாமல் போட்டால், கீழ்வீட்டுக்காரர் புகாரில் போட்ட தரையைப் பிரித்து எடுக்க வேண்டியிருக்கும். முன்பு இருந்தவர் தன் தரையை உங்களிடம் விற்கப் பார்த்தால், காலி செய்யும்போது அதை அகற்றும் பொறுப்பும் சேர்ந்து வருகிறது என்பதை விலையில் கழித்துக்கொள்ளுங்கள்.

பழைய வீடுகளின் படிக்கட்டு ஏணிக்கு அண்ணன். பெரிய ஃபிரிட்ஜ் வாங்கும் முன் திருப்பத்தின் அகலத்தை அளந்துவிடுங்கள். ஏறாவிட்டால் ஜன்னல் வழியாகத்தான், அதற்கு லிஃப்ட் வண்டி வாடகை தனி.

அடுப்புக்கு மேலே மோட்டார்

நம் சமையலுக்கென்றே ஒரு தவறு. கட்டடம் முழுவதற்கும் பொதுவாகக் காற்று இழுக்கும் அமைப்பு இருந்தால், மோட்டார் வைத்த புகைபோக்கியை அந்தக் குழாயில் மாட்டக் கூடாது. மாட்டினால் உங்கள் தாளிப்பு வாசம் மேல்வீட்டுக் குளியலறையில் இறங்கும். மோட்டார் இல்லாத மாடலோ, கரி வடிகட்டி வைத்துக் காற்றை உள்ளேயே சுற்றும் மாடலோ வாங்குங்கள். இட்லி வேகும்போது ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வையுங்கள். ஒற்றைக் கண்ணாடி வீட்டில் அந்த ஆவிதான் மூலையில் கறுப்புப் பூஞ்சையாகும். ஜன்னல் திறந்தும் பூஞ்சை வந்தால் வீட்டுக்காரருக்கு எழுத்தில் தெரிவியுங்கள். ஆறு வாரத்தில் சரிசெய்யாவிட்டால் ஹூர்கொமிஸி.

சாவி வாங்கும் நாள்

வீட்டின் நிலையை எழுதிய அறிக்கையில் அவசரமாகக் கையெழுத்துப் போடாதீர்கள். அறிக்கையே இல்லையென்றால், காலி செய்யும்போது இருக்கும் நிலையில்தான் வீட்டை வாங்கினீர்கள் என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். அது உங்களுக்குச் சாதகம். "எல்லாம் நன்றாக உள்ளது" என்று தப்பான அறிக்கையில் கையெழுத்திட்டால் அந்தச் சாதகம் போய்விடும். ஒவ்வொரு கீறலையும் எழுதச் சொல்லுங்கள், படங்களை அன்றே மின்னஞ்சலில் வீட்டுக்காரருக்கு அனுப்புங்கள். மீட்டர்களையும் படமெடுங்கள். எரிசக்தி நிறுவனத்துக்கு எண்ணைச் சொல்லும்போது கேஸ் மீட்டரில் கமாவுக்குப் பின்னால் இருக்கும் எண்களை விட்டுவிடுங்கள். சேர்த்துச் சொன்னால் நூறு கன மீட்டர் ஒரு லட்சமாகிவிடும்.