சாக்கடையைப் பார்க்கிறோம், டிரம்மை விட்டுவிடுகிறோம்

ஐப்பசி மழை தொடங்கி இரண்டு வாரம் போனால், தெருவில் யாருக்காவது டெங்கு என்ற பேச்சு வந்துவிடும். உடனே எழும் முதல் கோரிக்கை, "கொசுப்புகை அடிக்கிற வண்டியை அனுப்பச் சொல்லுங்க" என்பதுதான். கவுன்சிலருக்குப் போன் பறக்கும், வாட்ஸ்அப் குழுவில் சாக்கடைப் படங்கள் குவியும். அக்கறையில் குறையில்லை, குறிதான் தவறுகிறது.

டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் எஜிப்தி கொசு பெரும்பாலும் வீட்டைச் சுற்றித் தேங்கும் தெளிந்த நீரில்தான் முட்டையிடும். சாக்கடையில் பெருகுவது கியூலெக்ஸ். இரவில் தூக்கத்தைக் கெடுப்பதும் யானைக்கால் நோயைப் பரப்புவதும் அதுதான். சென்னையில் மலேரியாவைப் பரப்பும் அனாஃபிலிஸ் ஸ்டீபன்சிக்குக் கிணறும், மூடி சரியில்லாத மாடித் தொட்டியும் போதும். சாக்கடையைத் தூர்வாரத்தான் வேண்டும். ஆனால் தூர்வாரியாயிற்று, இனி டெங்கு வராது என்று இருந்துவிடுவது ஆபத்து.

புகையைப் பற்றியும் இதே மாதிரி ஒரு நம்பிக்கை. பறந்துகொண்டிருக்கும் கொசுவை மட்டுமே அது கொல்லும், தண்ணீருக்குள் இருக்கும் புழுவை ஒன்றும் செய்யாது. ஏடிஸ் கொசுவோ கட்டிலுக்கடியிலும் தொங்கும் துணிகளுக்குப் பின்னாலும் ஒளிந்திருக்கும். வண்டிச் சத்தம் கேட்டதும் நாமும் ஜன்னலைச் சாத்திவிடுகிறோம். நம் ஊர் வெப்பத்தில் முட்டை கொசுவாக ஏழு முதல் பத்து நாள் போதும் என்பதால், புகை அடித்த மறுநாளே புதுக் கொசுக்கள் கிளம்பிவிடும். நோய் வேகமாகப் பரவும் நேரத்தில் புகை உதவும் என்பது சரிதான். ஆனால் டிரம்மைக் கழுவும் வேலையை அது செய்யாது.

கழுவுவதிலும் ஒரு தவறு நடக்கிறது. "தண்ணியைத்தான் கொட்டிட்டோமே" என்பார்கள். ஏடிஸ் தன் முட்டைகளை நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, டிரம்மின் உள்சுவரில் ஒட்டிவைக்கும். கடுகைவிட மிகச் சிறிய கறுப்புப் புள்ளிகள் அவை. காய்ந்த நிலையிலும் மாதக்கணக்கில் உயிரோடிருந்து, மறுபடி தண்ணீர் ஏறியதும் பொரிக்கும். ஆகவே வாரம் ஒருமுறை பிரஷ் போட்டுச் சுவரை நன்றாகத் தேய்த்துக் கழுவிக் காயவைக்க வேண்டும். புழு இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்ப்பவர்கள் அவசரப்படக் கூடாது. வெளிச்சமோ நிழலோ பட்டதும் புழுக்கள் நெளிந்து அடிக்குப் போய்விடும். மூச்சு வாங்க மேலே வந்தே ஆக வேண்டும், ஒரு நிமிடமாவது பொறுத்துப் பாருங்கள்.

டிரம், டயர், தேங்காய்ச் சிரட்டை எல்லோருக்கும் தெரியும். ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் தண்ணீர் வடியும் தட்டு, மணிபிளான்ட் பாட்டில், மூலையில் கிடக்கும் ஆட்டுக்கல்லின் குழி, சன்ஷேடு, லிஃப்ட் குழி, கட்டட வேலையில் தளத்தின் மேல் பாத்தி கட்டி நிறுத்தும் தண்ணீர் ஆகியவைதான் கண்ணில் படாமல் போகும். மாடித் தொட்டிக்கு மூடி போட்டாலும் ஓவர்ஃப்ளோ குழாயின் வாயைத் திறந்தபடி விட்டால் கொசு அதன் வழியே உள்ளே போகும். வாயில் வலைத்துணி கட்டிவிடுங்கள்.

"எங்க வீடு சுத்தம், பக்கத்து வீட்டைப் பாருங்க" என்று கொசுப்புழு ஒழிப்புப் பணியாளரை வாசலோடு அனுப்புவது பெரிய தவறு. வெயிலில் நூறு படி ஏறி இறங்கி வரும் அந்தப் பெண்ணிடம் இருப்பது டார்ச்சும், கொசுப்புழுவைக் கொல்லும் அபேட் மருந்தும். குறிப்பிட்ட அளவில் அதைக் குடிநீரிலும் போடலாம் என உலக சுகாதார நிறுவனம் ஏற்றிருக்கிறது. பயந்து தொட்டியைக் காலிசெய்ய வேண்டியதில்லை. ஏடிஸ் பெரும்பாலும் 200 மீட்டருக்குள்தான் சுற்றும் என்பதால், உங்களைக் கடிக்கும் கொசு உங்கள் வீட்டிலோ அக்கம்பக்கத்திலோ பிறந்ததாகத்தான் இருக்கும். ஊருக்குப் போய்விட்டவர்களின் பூட்டிய வீட்டு மாடியையும் கழிவறைக் கோப்பையையும் யார் பார்ப்பது என்பதை மழைக்கு முன்பே சங்கத்தில் பேசிச் சாவிக்கு ஏற்பாடு செய்துவிடுங்கள்.

கொசுப்புழுவைத் தின்னும் கம்பூசியா மீனைக் கிணற்றில் விடலாம். ஆர்வத்தில் ஏரியிலும் குளத்திலும் விட்டுவிடாதீர்கள், நாட்டு மீன்களின் குஞ்சுகளையும் அது தின்றுவிடும்.

கொசுவலை இரவுக்கு மட்டும் என்ற பழக்கமும் மாற வேண்டும். ஏடிஸ் பகலில் கடிக்கும், காலையிலும் மாலையிலும் அதிகமாக. காய்ச்சலில் கிடப்பவரைக் கடித்த கொசு, எட்டு முதல் பன்னிரண்டு நாள் கழித்து வைரஸைப் பரப்பத் தொடங்கி, சாகும்வரை பரப்பும். நோயாளியைப் பகலிலும் வலைக்குள் படுக்கவைத்தால் தெருவே தப்பிக்கும்.

காய்ச்சலுக்கு பாராசிட்டமால் தவிர ஆஸ்பிரின், ஐபுபுரூஃபன், டைக்ளோஃபினாக் எதையும் கடையில் கேட்டு வாங்கிக் கொடுக்காதீர்கள், ரத்தக்கசிவை அவை அதிகமாக்கலாம். நிலவேம்புக் குடிநீரையோ பப்பாளி இலைச் சாற்றையோ நம்பி டாக்டரிடம் போவதைத் தள்ளிப்போடவும் வேண்டாம். மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் காய்ச்சல் இறங்கும்போது "சரியாயிடுச்சு" என்று பள்ளிக்கு அனுப்பிவிடுகிறோம். டெங்கு தீவிரமாவது பெரும்பாலும் அந்த நேரத்தில்தான். கடும் வயிற்றுவலி, விடாத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், அளவுக்கு மீறிய சோர்வு என்று ஏதாவது ஒன்று தெரிந்தாலும், நள்ளிரவாக இருந்தாலும் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.