சில்லறையில் வரும் நினைவு நாணயங்கள்

மாட்டுத்தாவணி பஸ்ஸில் நடத்துநர் தரும் சில்லறையை அப்படியே பைக்குள் போடாமல் ஒரு தடவை புரட்டிப் பாருங்கள். புலியும் பனைமரமும், 1935-2010 என்ற ஆண்டுகளும் இருந்தால் அது ரிசர்வ் வங்கியின் 75-ஆம் ஆண்டு நாணயம். 5 ரூபாயில் சாணக்கியரும் தேனீயோடு தாமரையும் தெரிந்தால், வருமான வரித்துறையின் 150-ஆம் ஆண்டு நினைவாக 2010-இல் வந்தது. எனக்கு மிகவும் பிடித்த வேலைப்பாடு அது.

ஆண்டுக்குக் கீழே நட்சத்திரம் இருந்தால் ஹைதராபாத்தில் அச்சானது. வைர வடிவம் மும்பை, வட்டப்புள்ளி நொய்டா, எதுவுமே இல்லையென்றால் கொல்கத்தா.

அப்புறம், புளி போட்டுத் தேய்க்கவே தேய்க்காதீர்கள். பளபளப்பு வரும், ஆனால் மேல்பரப்பு கெட்டுவிடும், சேகரிப்பவர்கள் வாங்க மாட்டார்கள். லட்ச ரூபாய் தருகிறோம், முதலில் கமிஷன் கட்டுங்கள் என்று யாராவது போன் செய்தால் ஒரு பைசாகூட அனுப்பாதீர்கள்.