வைனில் சைடிங் பழுது: இறுக்கி அடித்தால் கெட்டது

வீட்டு வெளிச்சுவரை மூடும் பிளாஸ்டிக் பேனல்களான வைனில் சைடிங் ஒரு இடத்தில் உடைந்துவிட்டால் நாமே மாற்றிவிடலாம். பெரிய வித்தை ஒன்றும் இல்லை. ஆனால் மரப்பலகையைப் போல நினைத்து அதை அசையாமல் இறுக்கிவிடுகிறோம், அங்கேதான் வேலை கெடுகிறது. சைடிங் ஆணியில் தொங்குகிற பொருள். வெயிலில் நீளும், குளிரில் சுருங்கும். 12.5 அடி நீளமுள்ள ஒரு பேனல், பருவத்துக்குப் பருவம் அரை அங்குலமோ அதற்கு மேலோ நீளம் மாறும். அந்த அசைவுக்கு இடம் விடாவிட்டால் அலை அலையாக நெளிந்து நிற்கும்.

அதனால் பேனலின் மேல்விளிம்பில் உள்ள ஆணித் துளையின் ஓரத்தில் ஆணியை அடிக்காதீர்கள். துளை நீளவாக்கில் இருப்பதே பேனல் நகர்வதற்குத்தான். ஆணி அதன் நடுவில் இறங்க வேண்டும். தலை பேனலை அழுத்தவும் கூடாது, சுமார் 1 மி.மீ. இடைவெளி இருக்கட்டும். அடித்து முடித்ததும் பேனலைக் கையால் இடவலமாகத் தள்ளிப் பாருங்கள். நகர்ந்தால் சரி. பேனலின் நுனியைச் சுவர் ஓரத்துப் பட்டைக்குள் செருகும் இடத்திலும் கால் அங்குலம் விட வேண்டும். கடுங்குளிரில் வேலை செய்தால் இன்னும் கொஞ்சம் கூடுதலாக. ஆனால் உறையும் குளிரில் வைனில் எளிதில் விரிசல் விடும். ஒரு பேனலை மாற்றப் போய் மூன்றை உடைப்பதைவிட, வெயில் வரும்வரை காத்திருப்பது நல்லது.

கழற்றும்போது ஸ்க்ரூடிரைவரால் நெம்புவது அடுத்த தவறு. உடைந்த பேனலின் ஆணிகள் அதற்கு மேலுள்ள பேனலுக்கு அடியில் ஒளிந்திருக்கும். ஜிப் டூல் என்ற சின்னக் கொக்கி ஒன்று உண்டு. அதை மேல் பேனலின் கீழ்விளிம்பில் மாட்டிக் கீழ்நோக்கி இழுத்தபடியே நகர்த்தினால் இரண்டு பேனல்களையும் கோத்திருக்கும் பூட்டு விடுபடும், ஆணி கண்ணுக்குத் தெரியும்.

திறந்த கையோடு உள்ளே பார்க்காமல் மூடிவிடாதீர்கள். மழைநீரை முழுதாகத் தடுக்கும் வேலை சைடிங்குக்கு இல்லை. உண்மையான காவல் பின்னால் இருக்கும் நீர்காப்புத் தாள்தான். அது கிழிந்திருந்தால் அதற்குரிய டேப்பால் ஒட்டுங்கள். தாளுக்குப் பின்னால் உள்ள சுவர்ப்பலகை ஊறியிருந்தால் அதைச் சரிசெய்வதுதான் முதல் வேலை, சைடிங் அப்புறம்.

இதே காரணத்தால், பேனல்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறும் இடங்களைச் சீலன்ட் (இடைவெளியை அடைக்கும் பசை) வைத்து அடைப்பதும் வேண்டாம். அடியில் தெரியும் குட்டித் துளைகள் உள்ளே போன நீர் வடிவதற்கானவை. அடைத்தால் நீர் உள்ளேயே தங்கும். ஆணி அளவு ஓட்டை என்றால் மட்டும் அதே நிறச் சீலன்ட் போதும்.

புதுப் பேனல் அதே கம்பெனி, அதே நிறமாக இருந்தாலும் பளிச்சென்று தனியாகத் தெரியும், ஏனென்றால் பழையது வெயிலில் வெளுத்திருக்கும். வீட்டின் பின்பக்கத்துப் பேனலை முன்னால் கொண்டுவந்து, புதியதைப் பின்னால் மாட்டலாம். வண்ணம் பூசுவதாக இருந்தால் பழைய நிறத்தைவிட அடர்ந்த நிறம் வேண்டாம். கூடுதல் வெப்பத்தை இழுத்துப் பேனல் வளைந்துவிடும். வைனிலுக்கென்றே தயாரித்த சில பெயின்ட்கள் மட்டும் இதற்கு விலக்கு.

உடையாமல் உருகி வளைந்திருந்தால், மாற்றும் முன் காரணத்தைத் தேடுங்கள். பக்கத்தில் கிரில் அடுப்பு வைத்திருக்கலாம். எதிரே இருக்கும் ஜன்னலின் வெப்பம் தடுக்கும் கண்ணாடி வெயிலைக் குவித்துத் திருப்பி அடிக்கலாம். அடுத்த வீட்டு ஜன்னலாகவும் இருக்கும். அதைச் சரிசெய்யாமல் மாட்டிய புதுப் பேனலும் அதே இடத்தில் உருகும்.