ஆதி தாளம் போடத் தெரிந்தவர்கள் ரூத் பிரவுனைக் கேட்பது எப்படி

ரூத் பிரவுன் ஐம்பதுகளில் பேர் வாங்கிய அமெரிக்கக் கறுப்பினப் பாடகி, பாடியது 'ரிதம் அண்ட் ப்ளூஸ்' என்கிற வகை. யூடியூபில் அவர் பெயரைத் தேடும்போது, வயதான பிறகு அவர் மேடையில் பாடியது முதலில் வந்தால் அதை இப்போதைக்கு ஓரமாக வையுங்கள். 1950இல் வந்த 'டியர்டிராப்ஸ் ஃப்ரம் மை ஐஸ்' பாட்டைப் போடுங்கள். ஹெட்ஃபோன் வேண்டாம், பாஸ் ஏற்றவே ஏற்றாதீர்கள், அந்தக் காலத்துப் பதிவு மோனோதான், போன் ஸ்பீக்கரே போதும். மழை பெய்யும்போதெல்லாம் உன் நினைப்பு என்றுதான் பாட்டே தொடங்குகிறது, அதனால் ஐப்பசி மழையில் கரண்ட் போன சாயங்காலமாகப் பார்த்துக் கேட்டால் இன்னும் நன்றாக இருக்கும்.

சரி, தொடையில் கையை வையுங்கள். ஆதி தாளம் போட்டால் நமக்கு முதல் தட்டில்தான் அழுத்தம் விழும். இந்த வகைப் பாட்டில் டிரம்காரர் ஓங்கி அடிப்பது சுண்டுவிரல் எண்ணும் இடத்தில், நடுவிரல் எண்ணும் இடத்தில், அப்புறம் இரண்டு வீச்சிலும். அதாவது 2, 4, 6, 8. திருவையாறு ஆராதனைக்கு வருஷம் தவறாமல் போகிற என் சித்தப்பா முதலில் கேட்டுவிட்டு "தாளம் தப்புதுடா" என்றார். தப்பவில்லை, அழுத்தம்தான் இடம் மாறியிருக்கிறது. வீச்சுக்குப் பதிலாக அங்கே தட்டிப் பாருங்கள், உடம்பு தானாக ஆடும்.

அடுத்தது குரல். 1953இல் வந்த 'மாமா, ஹீ ட்ரீட்ஸ் யுவர் டாட்டர் மீன்' பாட்டைப் போடுங்கள். (மாமா என்றால் அங்கே அம்மா, குழம்ப வேண்டாம். உன் மகளை அவன் படுத்துகிற பாட்டைப் பார் என்று தாயிடம் முறையிடுகிறாள்.) 'மாமா' என்கிற சொல்லின் நுனியில் குரல் சட்டென்று உடைந்து ஒரு கீச்சு வரும். ஒப்பாரியில் குரல் உடைவது போல இல்லை, சின்னப் பெண் கோள் சொல்லும்போது வருகிற கீச்சு அது. அவருடைய அடையாளமே அதுதான்.

இவ்வளவு கேட்ட பிறகு கதைக்கு வாருங்கள், முதலிலேயே படித்தால் பரிதாபம்தான் காதில் விழும். 1928இல் வர்ஜீனியாவின் போர்ட்ஸ்மவுத்தில் பிறந்தவர். அப்பா துறைமுகத் தொழிலாளி, சர்ச்சில் பாட்டுக்குழுவை நடத்தியவர், சர்ச்சுக்கு வெளியே பாடுகிற பாட்டு அவருக்கு ஆகாது. மகள் அவருக்குத் தெரியாமல் கிளப்புகளில் பாடி, 17 வயதில் ஒரு ட்ரம்பெட்காரரோடு வீட்டை விட்டுப் போனார். 1948இல் நியூயார்க் போகும் வழியில் கார் விபத்து, கால்கள் முறிந்து மாதக்கணக்கில் ஆஸ்பத்திரி. அட்லாண்டிக் என்ற இசைத்தட்டுக் கம்பெனியின் ஒப்பந்தத்தில் படுக்கையிலேயே கையெழுத்துப் போட்டார். கறுப்பினத்தவர் பாட்டுகளை 'ரேஸ் ரெக்கார்ட்ஸ்' என்று ஒதுக்கி வைத்திருந்த பில்போர்ட் இசைப் பத்திரிகை 'ரிதம் அண்ட் ப்ளூஸ்' என்று பெயரை மாற்றியது 1949இல். இவருடைய முதல் இசைத்தட்டு வந்ததும் அதே வருஷம்தான். அடுத்த சில வருஷங்களில் இவர் பாட்டு விற்ற விற்பனையில், அட்லாண்டிக்கை ரூத் கட்டிய வீடு என்றே சொன்னார்கள்.

அந்த வீட்டில் அவருக்கு மிஞ்சியது என்ன என்பதை நம் பக்கத்து ஆட்களுக்கு விளக்கவே வேண்டாம். பதிவுச் செலவெல்லாம் பாடுகிறவர் கணக்கில் எழுதப்படும், கடைசியில் நோட்டைப் புரட்டினால் பாடியவர்தான் பாக்கி. பண்ணையாள் கணக்கு. தஞ்சையில் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்த 1952இல் இவருடைய '5-10-15 ஹவர்ஸ்' ரிதம் அண்ட் ப்ளூஸ் பட்டியலில் முதலிடத்தில் இருந்தது. அறுபதுகளில் இதே அம்மா இரண்டு பிள்ளைகளை வளர்க்கப் பள்ளிக்கூட பஸ் ஓட்டினார், வீட்டு வேலை செய்தார். பிறகு ஹோவெல் பெகிள் என்ற வக்கீலோடு சேர்ந்து வருஷக்கணக்கில் போராடினார். 1988இல் கம்பெனி இறங்கி வந்தது, அவருக்கு மட்டுமல்ல, கூடப் பாடிய பழைய ஆட்களுக்கும் ராயல்டி கிடைத்தது. அதை ஒட்டித்தான் ரிதம் அண்ட் ப்ளூஸ் ஃபவுண்டேஷன் தொடங்கியது.

இப்போது ஓரமாக வைத்த அந்த வீடியோவைப் போடுங்கள். 1989இல் நியூயார்க்கின் பிராட்வே நாடக மேடையில் பாடி, நாடகத்துக்கான டோனி விருது வாங்கியபோது அவருக்கு 61 வயது, 2006இல் காலமானார். குரல் இறங்கி, தடித்திருக்கும். சித்தப்பாவுக்கு இந்தக் குரல்தான் பிடித்தது. வீச்சிலும் ஒழுங்காகத் தட்டிக்கொண்டே வந்தார், பாதியில் கை பழையபடி முதல் எண்ணிக்கைக்கே போய்விட்டது.