பாதுகாப்பு அறையில் அம்மாவின் காய்கறிப் பட்டியல்

அமெரிக்க இசையமைப்பாளர் ஆல்வின் லூசியர் 1969இல் ஓர் அறையில் உட்கார்ந்து சில வரிகள் பேசிப் பதிவு செய்தார். அந்தப் பதிவை அதே அறையில் ஒலிக்கவிட்டு, அறையில் கேட்டதை மறுபடியும் பதிவு செய்தார். பிறகு அதையும் ஒலிக்கவிட்டு இன்னொரு பதிவு. சுற்று ஏற ஏற அறைக்கு உகந்த சுருதிகள் மட்டும் பெருகும், மற்றவை தேயும், பேச்சு கரைந்துபோகும். 'ஐ ஆம் சிட்டிங் இன் எ ரூம்' என்று அதற்குப் பெயர். அவருக்குத் திக்குவாய். அந்தத் திக்கலையும் அறை கரைத்துவிடுகிறது என்பதுதான் என்னை உலுக்கியது. 1965இல் தன் மூளை அலைகளைக் கொண்டே தாளக் கருவிகளை அதிரவைத்தவர் அவர். அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் நாற்பது ஆண்டுகளுக்கும் மேல் கற்பித்தார். பரதநாட்டியக் கலைஞர் பாலசரஸ்வதியின் சகோதரர்கள் விஸ்வநாதனும் ரங்கநாதனும் புல்லாங்குழலும் மிருதங்கமும் சொல்லிக்கொடுத்த இடமும் அதுவே.

இதைச் சிங்கப்பூரின் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டிலேயே செய்யலாம். படுக்கையறை வேண்டாம், மெத்தையும் திரைச்சீலையும் ஒலியைக் குடித்துவிடும். 1998க்குப் பிறகு கட்டிய வீடு என்றால் போர்க்காலத்தில் ஒதுங்குவதற்கான பாதுகாப்பு அறை இருக்கும். கான்கிரீட் சுவர், இரும்புக் கதவு: இதைவிட நல்ல இடம் கிடைக்காது. அரிசி மூட்டை, பெட்டி எல்லாவற்றையும் வெளியே எடுத்துவிடுங்கள். எனக்கு அதற்கே ஒரு காலைப்பொழுது போய்விட்டது. பழைய வீடு என்றால் டைல்ஸ் ஒட்டிய குளியலறை போதும்.

எங்கள் அறையில் எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே ஒன்றரை மீட்டர். நம் ஊர் வெப்பத்தில் ஒலி நொடிக்கு ஏறக்குறைய 350 மீட்டர் போகும். அதை இடைவெளியின் இருமடங்கால் வகுத்தால் சுமார் 117 ஹெர்ட்ஸ். அந்தச் சுருதியும் அதன் மடங்குகளும் அங்கே தங்கும். உங்கள் அறையையும் அளந்து பாருங்கள்.

பேச்சுக்கு என்ன எடுப்பது? வேறு சொற்களையும் பயன்படுத்தலாம் என்று லூசியரே தன் குறிப்பில் எழுதியிருக்கிறார். நான் அம்மாவிடம் தேக்கா சந்தையில் வாங்க வேண்டியதைச் சொல்லச் சொன்னேன். முருங்கைக்காய், கத்திரிக்காய், வாழைக்காய், வெண்டைக்காய். மெய்யெழுத்து இரட்டிக்கும் சொற்களைத் தேடுங்கள். சொல் அழிந்தாலும் அந்த 'க்கா' தாளமாக நிற்கும். ஒரு நிமிடப் பேச்சு போதும். உள்ளே ஆள் இருக்கும்போது கதவைச் சாத்தாதீர்கள். அடுத்த சுற்றுகளில் ஸ்பீக்கரும் மைக்கும் மட்டும் உள்ளே இருக்கும், அப்போது சாத்திக்கொள்ளலாம்.

கைபேசியில் பதிவு செய்தால் இரைச்சல் நீக்கத்தையும் தானாக ஒலியளவைச் சரிசெய்யும் வசதியையும் அணைத்தே ஆக வேண்டும். முதல் முறை நான் இதைக் கவனிக்கவில்லை. கைபேசி அறையின் குரலையே இரைச்சல் என்று எடுத்து அழித்துவிட்டது, ஆறு சுற்றும் வீண். கோப்பு சுருக்கப்படாத வேவ் (WAV) வடிவத்தில் இருக்கட்டும். ஸ்பீக்கரை வயர் போட்டு இணையுங்கள், புளூடூத் ஒவ்வொரு சுற்றிலும் ஒலியைக் கொஞ்சம் சிதைக்கும். பதிவின் அளவுகாட்டியில் உச்ச அளவு மைனஸ் 6 டெசிபலைத் தாண்ட வேண்டாம். ஏர்கான், விசிறி எல்லாம் நிற்கட்டும், இல்லாவிட்டால் அந்த உறுமல்தான் கடைசியில் மிஞ்சும். ஸ்பீக்கரையும் மைக்கையும் ஒரு முறை வைத்த பிறகு நகர்த்தக் கூடாது. அப்புறம், அக்கம்பக்கத்தாரை நினைத்துப் பகலிலேயே முடித்துவிடுங்கள்.

பதினைந்து சுற்றாவது போங்கள். எல்லாவற்றையும் ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் வரிசையாக ஒட்டுங்கள், ஒன்றையும் வெட்டாதீர்கள். நடுச் சுற்றுகள் சலிப்பாகத் தோன்றும். ஆனால் பேச்சு எந்த இடத்தில் இசையாகிறது என்பது அங்கேதான் இருக்கிறது. பொது இடத்தில் வைப்பதாக இருந்தால் லூசியர் பெயரைப் போடுங்கள், உரிமம் பற்றி, இசைப் படைப்பாளிகளின் உரிமைகளைக் கவனிக்கும் காம்பஸ் அமைப்பிடம் முன்பே கேளுங்கள்.

ஐந்தாம் சுற்றில் அம்மா, "இது நானா?" என்றார். பன்னிரண்டாம் சுற்றில் காய் ஒன்றும் மிச்சமில்லை. "கோயில்ல நாயனத்துக்கு ஒத்து ஊதுற மாதிரி இருக்கு" என்று சொல்லிவிட்டு, அறை வாசலிலேயே உட்கார்ந்து கடைசிவரை கேட்டார்.