கேனான் ஆர்50-ஆ, ஆர்10-ஆ? புதிதாக வாங்குபவர் முடிவெடுக்கும் முறை

முதன்முறையாக மிரர்லெஸ் கேமரா (உள்ளே கண்ணாடி இல்லாத, லென்ஸ் மாற்றக்கூடிய வகை) வாங்க முனைபவர்கள் பலர் திணறி நிற்கும் இடம், கேனான் ஈஓஎஸ் ஆர்50-க்கும் ஆர்10-க்கும் இடையில்தான். ஆர்10 2022 மே மாதத்திலும் ஆர்50 2023 பிப்ரவரியிலும் அறிவிக்கப்பட்டன. பின்னால் வந்த ஆர்50-இன் விலைதான் ஆர்10-ஐவிடக் குறைவு என்பதால் குழப்பம் இன்னும் கூடுகிறது.

படி 1: பொதுவானவற்றைக் கணக்கிலிருந்து நீக்கிவிடுங்கள்

24.2 மெகாபிக்சல் ஏபிஎஸ்-சி (35 மிமீ ஃபிலிம் சட்டகத்தைவிடச் சிறிய அளவு) சென்சார், டிஜிக் எக்ஸ் செயலி, மனிதர், விலங்கு, வாகனம் ஆகியவற்றை அடையாளம் கண்டு பின்தொடரும் ஆட்டோஃபோகஸ், எல்பி-ஈ17 பேட்டரி, பக்கவாட்டில் விரிந்து சுழலும் திரை, மைக் இணைப்பு ஆகிய அனைத்தும் இரண்டிலும் உண்டு. கை நடுக்கத்தை ஈடுசெய்யும் வசதி இரண்டின் உடலிலும் இல்லை. லென்ஸில் இருந்தால்தான் உண்டு. ஆகவே, எதில் படம் நன்றாக வரும் என்ற கேள்விக்கே இங்கு வேலையில்லை.

படி 2: ஷட்டரைப் பாருங்கள்

விளம்பரங்களில் பெரிதாகப் பேசப்படாவிட்டாலும், உண்மையான வேறுபாடு இங்குதான் தொடங்குகிறது. சென்சாரில் ஒளி விழும் நேரத்தை இரண்டு மறைப்புத் திரைகளால் கட்டுப்படுத்துவதே ஷட்டர். ஆர்10-இல் இரண்டும் இயந்திர முறையில் இயங்கும் முழு மெக்கானிக்கல் ஷட்டர் இருக்கிறது. ஆர்50-இல் முதல் திரை மின்னணு முறையிலும் இரண்டாம் திரை மெக்கானிக்கலாகவும் இயங்குகின்றன. நல்ல வெயிலில் எஃப் 1.8 துளையுடன் (லென்ஸ் ஒளியை விடும் திறப்பு; எண் சிறிதானால் திறப்பு பெரிது) 1/4000 நொடி வேகத்தில் ஒரு முகத்தை எடுத்தால், பின்னணியில் மங்கலாகத் தெரியும் ஒளிவட்டங்கள் ஆர்50-இல் ஓரம் வெட்டுப்பட்டது போல வரக்கூடும். வீட்டுப் படங்களிலும் பயணப் படங்களிலும் இது கண்ணில் படுவது அரிது.

தொடர் படங்களில்தான் இடைவெளி நன்றாகத் தெரிகிறது. ஆர்50 நொடிக்கு 12 படங்கள் எடுக்கும் என்றாலும், ரா கோப்பாக (சுருக்கிப் பதப்படுத்தாத பெரிய கோப்பு) எடுக்கும்போது 7 படங்களிலேயே பஃபர் என்ற தற்காலிக நினைவகம் நிரம்பிவிடுவதால், ஷட்டர் பொத்தானை அழுத்தி ஒரு நொடி ஆவதற்குள் வேகம் விழுந்துவிடும். ஆர்10 மெக்கானிக்கல் ஷட்டரில் நொடிக்கு 15 படங்கள் வீதம் ஏறத்தாழ 2 நொடிகள் தாக்குப்பிடிக்கும். பறக்கும் கொக்கையோ கபடி ஆட்டத்தையோ எடுக்க விரும்புபவர் இந்தப் படியிலேயே ஆர்10 என்று முடிவு செய்துவிடலாம்.

படி 3: ஃபிளாஷ் பொருத்தும் இடத்தைச் சோதியுங்கள்

இரண்டிலும் உள்ளமைந்த சிறு ஃபிளாஷ் உண்டு. வெளி ஃபிளாஷ் வேண்டுமென்றால், ஆர்10-இன் மேல்தட்டில் பழைய வகைத் தொடர்புப் புள்ளிகளும் இருப்பதால் வழக்கமான ஃபிளாஷ்களை நேரடியாக மாட்டலாம். அவற்றில் நடுவில் இருக்கும் பெரிய புள்ளி ஆர்50-இல் கிடையாது. கேனானின் வழக்கமான ஸ்பீட்லைட்டுகளை (வெளி ஃபிளாஷ்கள்) மாட்டவே ஏடி-ஈ1 என்ற அடாப்டரைத் தனியாக வாங்க வேண்டும். நாளை கல்யாண வேலைக்குப் போகும் எண்ணம் சிறிதளவு இருந்தாலும் இதைப் புறக்கணிக்காதீர்கள்.

படி 4: கடையில் கையில் எடுத்துப் பாருங்கள்

பேட்டரியும் மெமரி அட்டையும் சேர்த்து ஆர்50-இன் எடை 375 கிராம், ஆர்10-இன் எடை 429 கிராம். எடை வேறுபாட்டைவிடப் பிடிமான வேறுபாடு பெரிது. கேமராவை மேனுவல் முறையில் வைத்து, வியூஃபைண்டரிலிருந்து கண்ணை எடுக்காமல் ஷட்டர் வேகத்தையும் துளையையும் மாற்றிப் பாருங்கள். ஆர்10-இல் இரண்டு டயல்கள் இருப்பதால் ஆள்காட்டி விரல் ஒன்றையும் கட்டைவிரல் மற்றொன்றையும் கவனித்துக்கொள்ளும்; ஃபோகஸ் புள்ளியை நகர்த்தச் சிறு ஜாய்ஸ்டிக்கும் உண்டு. ஆர்50-இல் இருப்பது ஒரே டயல் என்பதால், அதன் பணியைப் பொத்தான் அழுத்தி மாற்றிக்கொள்ள வேண்டும். ஆர்எஃப் 50 மிமீ எஃப் 1.8 போன்ற லென்ஸ்களில் உள்ள கட்டுப்பாட்டு வளையத்துக்குத் துளையை ஒதுக்கிவிட்டால் இந்தக் குறை பாதி தீரும். இதைக் கடைக்காரர்கள் பெரும்பாலும் சொல்வதில்லை.

படி 5: வீடியோத் தேவை

முழு அகலத்தில் நொடிக்கு 30 சட்டகம் கொண்ட 4கே வீடியோ இரண்டிலும் கிடைக்கும். நொடிக்கு 60 சட்டகம் கொண்ட 4கே ஆர்10-இல் மட்டுமே உண்டு. அதுவும் காட்சியின் ஓரங்கள் கணிசமாக வெட்டுப்பட்ட நிலையில்தான். தொடர்ந்து பதியும் நேரம் ஆர்50-இல் 1 மணி, ஆர்10-இல் 2 மணி.

படி 6: விலை வித்தியாசத்தை லென்ஸாகக் கணக்கிடுங்கள்

இதுவரை எந்தப் படியிலும் ஆர்10 கட்டாயம் என்று தோன்றாதவர் ஆர்50-ஐ எடுத்துக்கொண்டு, மிச்சமாகும் தொகையை மேற்சொன்ன 50 மிமீ லென்ஸுக்கு ஒதுக்குவதே என் பரிந்துரை. கேமராவுடன் வரும் 18-45 மிமீ லென்ஸ் முழுவதும் ஜூம் செய்த நிலையில் (45 மிமீ) எஃப் 6.3 வரையே திறப்பதால், மாலைக்குப் பிறகு வீட்டுக்குள் திணறும். 50 மிமீ லென்ஸ் அதைப்போல் பன்னிரண்டு மடங்கு ஒளியை உள்ளே விடும். ஆனால் 1.6 மடங்குக் கிராப் (சிறிய சென்சார் காட்சியின் நடுப்பகுதியை மட்டும் பிடிப்பது) காரணமாக அது 35 மிமீ ஃபிலிம் கேமராவின் 80 மிமீ லென்ஸ் அளவுக்குக் குறுகிய காட்சியையே தரும் என்பதால், சிறிய அறையில் குடும்பம் முழுவதையும் ஒரே படத்தில் அடக்க அது உதவாது. அதற்கு 18-45 லென்ஸையே மாட்டிக்கொள்ளுங்கள்.

மெமரி அட்டையைப் பொறுத்தவரை, ஆர்50 யூஎச்எஸ்-1 வேகத்தையே (அட்டைகளின் வேக வகை; யூஎச்எஸ்-2 இதைவிட வேகமானது) ஏற்பதால் அதற்குமேல் செலவழிப்பது வீண். ஆர்10 வாங்குபவர் யூஎச்எஸ்-2 அட்டையையும் சேர்த்தே பட்ஜெட் போட வேண்டும்.